தைத்து மூடிய பாக்கெட்

புதுத்துணி எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் பாக்கெட்டுகளைத் தைத்து மூடிவிடுவாள் ஊசியக்கா. சட்டையோ, மேல்கோட்டோ, மழை அங்கியோ, எதுவானாலும் சரி. கடைப் பையிலிருந்து எடுப்பாள், உதறுவாள், விலைச்சீட்டைக் கத்தரிப்பாள். கத்தரியைக் கீழே வைப்பதற்குள் மறு கையில் ஊசி வந்திருக்கும். பாக்கெட் வாயின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, வெளியே தெரியாதபடி பொடித்தையலாக ஓட்டிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பாக்கெட் இருப்பது போலவே இருக்கும். கையை விட்டால்தான் நுழையாது.

கல்யாணமான புதிதில் புருஷன் கேட்டான்.

"ஏன்டி, நான் சீப்பை எங்க வைக்கிறது?"

"தலையிலயே சொருகிக்க."

அந்த மனுஷன் சாகும்வரை சீப்பைக் கையில்தான் பிடித்துக்கொண்டு போனான். இதை அவள் தன் அம்மாவிடம் கற்றாள். அம்மா தன் அம்மாவிடம் கற்றாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னதும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் கிழிசல் தைப்பது அவள் வேலை. ஒரு பக்கம் ஆவி பறக்கும் தொட்டிகள், மறுபக்கம் மடித்த விரிப்புகள் ஆளுயரத்துக்கு, நடுவில் ஒரே ஒரு ஜன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மிஷின். ஊசியக்கா என்ற பெயர் வேலைக்காக வைத்ததா, அவள் பார்வைக்காக வைத்ததா என்று அங்கே இன்னும் தகராறு உண்டு. அதிகம் பேச மாட்டாள். ஆனால் கூடத்தில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. துவைக்க வரும் துணிகளின் பாக்கெட்டுகளைத் துழாவிப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவள் மட்டும் அடுத்தவர் பாக்கெட்டுக்குள் விரலைக்கூட விடமாட்டாள். நெருப்பைக் கண்டது போல ஒதுங்குவாள்.

சாயங்காலம் வெளியே போகும் வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பான். வெளுத்த நிறத்து டாக்டர்களும் நர்சுகளும் பையை வீசிக்கொண்டு போவார்கள், அவன் எழுந்து நிற்பான். ஊசியக்காவின் நிறத்து ஆட்கள் வந்தால் உட்கார்ந்தபடியே பையைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டுவான். அவன் கை நீளும்வரை அவள் காத்திருந்ததில்லை. இருபது அடி தூரத்திலேயே பையின் வாயைப் பிளந்துகொண்டு வருவாள்.

"அக்கா, நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்பான் அவன்.

"கேக்க வைப்பானேன்?" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள். செவிலியர் பயிற்சியில் சேர்ந்தாள். சீருடையாக இரண்டு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். நான்கு பாக்கெட்டையும் அன்றைக்கே ஊசியக்கா மூடிவிட்டாள். மறுநாள் வார்டில் பெரிய நர்ஸ் மகளிடம் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுத்து, "பாக்கெட்ல வச்சுக்க" என்றாள். மகளும் மறந்துபோய்ப் போட்டாள். டார்ச் கோட்டு மேலேயே சறுக்கி விழுந்து தரையில் சிதறியது. கூடப் படிப்பவர்கள் சிரித்த சிரிப்பில் நோயாளி ஒருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டாராம்.

அன்றிலிருந்து மகள் வீட்டில் அளந்துதான் பேசினாள். சாப்பிட்டாயா என்றால் ம். படித்தாயா என்றால் ம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. மகளின் நோட்டுக்குள்ளிருந்து விழுந்தது. "வழிவழியாய் வந்த இனக்காயங்களை ஆற்றும் புத்தப் பயிற்சி. சனிக்கிழமை காலை. எல்லோரும் வரலாம். கட்டணம் இல்லை." கீழே ஒரு முகவரி, சைக்கிள் கடைக்கு மேல் மாடி.

"காயமா? எனக்குத் தெரியாம உனக்கு எங்கடி காயம்?"

"உனக்குத் தெரியாததும் இருக்கும்மா" என்றாள் மகள். "கடைக்குள்ள நுழைஞ்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் ஒண்ணுமே எடுக்கல. ஆனா எடுத்த மாதிரியே கை வேர்க்குது. ஏன்னு அங்க கொஞ்சம் புரியுது."

"யாரு சொல்லித் தர்றது?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு பிக்குணி. வெளுத்த ஆளுதான்."

"நல்லா இருக்கே! குத்தினதும் அவங்க, மருந்து போடுறதும் அவங்களா?"

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் சேதி மட்டும் சொன்னாள். ஊருக்கு வெளியே அந்தப் பிக்குணியின் மடத்தில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் விடுப்பு வாங்கிவிட்டாள். வருகிற மாதம் கிளம்புகிறாள். அங்கே போன் கிடையாது.

மறுநாள் சலவைக்கூடத்தில் இஸ்திரிக்காரி இதைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். "காசு வேண்டாம்னாலே உள்ள தூண்டில் இருக்கும்டி. முதல்ல செருப்பைக் கழட்டச் சொல்லுவாங்க. அப்புறம் கம்மலை. அப்புறம் முடியை. கடைசியில உன் பொண்ணை நீ தெருவுல பாத்தா அடையாளம் தெரியாது."

 புருஷன் போன பிறகு ஊசியக்காவுக்கு மிச்சமிருப்பது மகள் ஒருத்திதான். போனால் திரும்ப மாட்டாள் என்று மனசு அடித்துச் சொன்னது. சண்டை போட்டுத் தடுக்க அவளுக்கு வாய் போதாது. கண் இருக்கிறது. அங்கே நடக்கும் தில்லுமுல்லைக் கையும் களவுமாகப் பிடித்து மகள் முன்னால் வைத்துவிட்டால் போதும். சனிக்கிழமை மகளோடு தானும் கிளம்பினாள். மகளுக்கு ஆச்சரியம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாடியில் ஒரே அறை. பழைய பலகைத் தரை, பன்னிரண்டு மெத்தைத் திண்டு, சுவரோரமாகப் பூட்டிய ஒரு சின்ன அலமாரி. ஊசியக்கா முதலில் கதவுகளை எண்ணினாள். ஒன்றுதான். பிக்குணிக்கு நாற்பது வயதிருக்கும். மொட்டைத்தலை, கீழே விழுந்துவிடும் போலத் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பஞ்சு வைத்துத் தைத்த பழுப்பு மேல்சட்டை. எல்லோருக்கும் தேநீர் ஊற்றியவள் தனக்கு மட்டும் காது உடைந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள். வேஷம் என்று குறித்துக்கொண்டாள் ஊசியக்கா. எல்லோருக்கும் ஊற்றிய அதே கெண்டியிலிருந்துதான் அவளும் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தன் கோப்பையை வாயில் வைத்தாள்.

பிக்குணி சாவி போட்டு அலமாரியைத் திறந்து ஒரு வெண்கல மணியை எடுத்து ஒரு தட்டு. அது அடங்கும்வரை எல்லோரும் அசையவில்லை.

"மூச்சு வர்றதையும் போறதையும் பாருங்க" என்றாள் பிக்குணி. "உடம்புல எங்க இறுக்கமா இருக்கோ அங்க நில்லுங்க. இது என்கிட்ட ஆரம்பிச்சதா, எனக்கு முன்னாடியே இருந்து வந்ததான்னு கேளுங்க. பதில் வரலைன்னா பரவாயில்லை."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஊசியக்கா மூடவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதுதானே காரியம் நடக்கும்? பிக்குணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதைக்கூட ஓட்டவில்லை. ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்தாள்.

கடைசியில் வாழ்த்துச் சொன்னார்கள். நான் நலமாக இருக்கட்டும். எனக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் ஆறுதல் அடையட்டும். அவர்களுக்குத் தீங்கு செய்தவர்களும் துன்பத்திலிருந்து விடுபடட்டும். மூன்றாவதற்கு ஊசியக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிக்குணி கவனித்துவிட்டாள்.

"சொல்ல வரலைன்னா விட்டுடுங்கக்கா. நானும் ரொம்ப வருஷம் சொல்லல."

இதுவும் ஒரு தந்திரம்தான்.

மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. தில்லுமுல்லு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. மூன்றாவது வாரம் பிக்குணியின் மேல்சட்டை முழங்கையில் பஞ்சு வெளியே வந்து தொங்கியது. மகள், "எங்கம்மா தைச்சா கிழிஞ்ச இடமே தெரியாது" என்று வாய் விட்டாள். அம்மாவைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லிக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! ஊசியக்கா சட்டையை வாங்கிக்கொண்டாள். மகளுக்காக ஒரு பங்கு, துப்பு கிடைக்குமோ என்று இரண்டு பங்கு.

சட்டை எந்தத் துப்பும் தரவில்லை. மலிவான துணி, ஏற்கெனவே ஏழு ஒட்டு. மதியச் சாப்பாட்டு வேளையில் முழங்கையைச் சரிசெய்து, தொங்கிய ஓரங்களையெல்லாம் ஒரு ஓட்டு ஓட்டி, வியாழக்கிழமை மகள் கையில் கொடுத்தனுப்பினாள்.

நான்காவது சனிக்கிழமை. திங்கட்கிழமை மகள் மடத்துக்குக் கிளம்புகிறாள். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பிக்குணி அலமாரி முன்னால் நின்று கழுத்தைத் தடவினாள், இடுப்பைத் தடவினாள்.

"சாவியைக் காணோம்."

திண்டுகளைப் புரட்டினார்கள். தேநீர்க் கெண்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். கார் ஓட்டக் கற்றுத்தரும் வெளுத்த மனிதர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார், பெரிய உருவம். அவர் தரையில் படுத்து அலமாரிக்கு அடியில் கையை விட்டார். எழுந்து தூசியைத் தட்டியபோது அவர் கண் தற்செயலாக ஊசியக்கா இருந்த பக்கம் திரும்பியது.

அவ்வளவுதான். ஊசியக்கா எழுந்து அறை நடுவில் வந்தாள். தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, நூல்கண்டு, குட்டிக் கத்தரி, சீப்பு, எல்லாம் பலகைத் தரையில் உருண்டன. பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி உதறினாள். தன் கோட்டின் இரண்டு பாக்கெட்டையும் தட்டிக் காட்டினாள்.

"என்கிட்ட இல்ல. நல்லாப் பாத்துக்கங்க."

"அம்மா!" மகள் முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா உன்னைக் கேட்டாங்க?"

"கேக்கிறதுக்கு முன்னாடியே காட்டிடணும்."

"ஐயோ அக்கா, வேண்டாங்க" என்றார் கார்க்காரர். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உருண்ட நூல்கண்டை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். அதையும் ஊசியக்கா முறைத்துப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டார்.

 பிக்குணி சங்கடத்தில் கையைச் சட்டைப் பாக்கெட்டில் விடப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபக்கம் விட்டாள். அங்கேயும் நுழையவில்லை. குனிந்து பார்த்தாள்.

"என்னது, என் பாக்கெட்டு எங்க போச்சு?"

வெளியிலிருந்து தடவினாள். பஞ்சுக்கு உள்ளே, மூலையில், சின்னதாகக் கெட்டியாக ஏதோ இருந்தது.

 அந்தப் பொடித்தையல் ஊசியக்காவுடையது. இந்த ஊரில் அப்படித் தைக்க வேறு யாருக்கும் வராது. எப்போது தைத்தாள்? நினைவே இல்லை. ஓரங்களை ஓட்டும்போது கை பாட்டுக்கு ஓட்டியிருக்கிறது. உள்ளே என்ன என்று பார்க்க விரலை விட்டாளா? விடவே மாட்டாளே. வாயை மட்டும் மூடிவிட்டாள்.

கீழே கிடந்த குட்டிக் கத்தரியை எடுத்தாள்.  வாழ்நாளில் எத்தனையோ பாக்கெட்டை மூடியிருக்கிறாள். ஒன்றையும் பிரித்ததில்லை. ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சாவி பிக்குணியின் உள்ளங்கையில் விழுந்தது.

இப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். ஒளித்து வைத்துவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று யாராவது ஒருவர் சொல்வார். கார்க்காரராகத்தான் இருக்கும்.

"போன வாரம் நான்தான் உள்ள போட்டிருக்கேன்" என்றாள் பிக்குணி. "எடுக்காமலே உங்ககிட்ட கொடுத்துட்டேன், பாருங்க என் மூளையை! ஆனா அக்கா, பாக்கெட்டை ஏன் தைச்சீங்க?"

அந்தக் கேள்வியில் குற்றம் இருக்கிறதா என்று ஊசியக்கா தேடினாள். முகத்தில் தேடினாள், குரலில் தேடினாள். தெரிந்தபாடில்லை. நின்றபடியே சொன்னாள்.

"எங்கம்மாவைப் பெத்தவ ஒரு பெரிய வீட்டுல வேலை செஞ்சா. உங்க ஆளுங்க வீடு. ஒருநாள் வெள்ளிக் கரண்டி ஒண்ணு காணோம். வேலைக்காரங்களை வரிசையா நிக்க வச்சாங்க. இவ உடுப்புக்கு மேல கட்டியிருந்த ஏப்ரன் பாக்கெட்டுல இருந்துச்சு. முற்றத்துல எல்லாரும் பாக்க அடிச்சாங்க. அப்புறம் அந்தப் பக்கம் எங்கயுமே அவளுக்கு வேலை இல்ல. அன்னையிலிருந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க யாருக்கும் பாக்கெட் கிடையாது. இதை எங்கம்மா சொல்லல. அவ செத்த பிறகு பெரியம்மா சொன்னாங்க. அதுவும் காதோட காதா."

 கார்க்காரர் எழுந்தார். "எங்க ஆளுங்க சார்பா நான் உங்ககிட்ட மன்னிப்பு..."

"நீங்க உக்காருங்க. அப்ப நீங்க பொறக்கவே இல்ல."

அவர் டக்கென்று உட்கார்ந்தார். யாரோ சிரித்துவிட்டார்கள். ஊசியக்கா சிரிக்கவில்லை.

மகள்தான் பேசினாள், மெதுவாக. "இதை எனக்கு ஏம்மா சொல்லல? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சின்ன வயசுலயிருந்து என் சட்டையை எல்லாம் தைக்கிறியே, நான் எதையாவது எடுத்துடுவேன்னு உனக்குச் சந்தேகம்னு நினைச்சேன்."

ஊசியக்கா மகளைப் பார்த்தாள். கண்ணுக்குத் தப்பாது என்று பெயர் வாங்கியவள், வீட்டுக்குள் இருந்த இதைப் பார்க்கவில்லை.

"உன்மேல இல்லடி" என்றாள். 

பிக்குணி அலமாரியைத் திறந்து மணியை எடுத்தாள். ஒரு தட்டு. அன்றைக்குத்தான் ஊசியக்கா முதன்முதலாகக் கண்ணை மூடினாள். யாரையும் நம்பி அல்ல. திறந்து வைத்திருக்கத் தெம்பு இல்லை.

நெஞ்சுக்கு நடுவில் இறுகியிருந்தது. அங்கே நின்றாள். இது என்னிடம் ஆரம்பித்ததா? இல்லை. அதற்கு அடியில் என்ன என்று பார்த்தாள். அடியில் ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. பெரியம்மா காதோடு காதாகச் சொன்ன நாளிலிருந்து அதை அவள் யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடம்கூட. ஒருவேளை பாட்டி எடுத்திருப்பாளோ?

உலகத்தில் எல்லோரும் தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் சந்தேகப்பட்டதோ அந்தச் செத்துப்போனவளை. அம்மாவும் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. வெளுத்த வீட்டுக்காரி ஒருநாள் அடித்தாள். சொந்த வீட்டுப் பெண்கள் இரண்டு தலைமுறையாக ஒவ்வொரு புதுத்துணியிலும் அவளைத் திருடி என்று தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி ஞாபகத்துக்கு வந்தது. யாரும் திருடவில்லை. யாரும் ஒளிக்கவில்லை. ஒருத்தி மறந்தாள், ஒருத்தி பார்க்காமல் தைத்தாள், சாவி பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்த ஏப்ரனும் அந்த வீட்டு ஏப்ரன்தானே? எத்தனை பேர் கட்டினார்களோ, யார் துவைத்தார்களோ. ஒரு பொருள் பாக்கெட்டுக்குள் போக எத்தனையோ வழி. எடுத்தே இருந்தாலும் என்ன, ஒரு கரண்டி. எது நடந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூச்சு வந்தது, போனது. இறுக்கம் போய்விட்டதா என்றால் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. உனக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்று முகம் தெரியாத அந்த வேலைக்காரியிடம் சொன்னாள். தீங்கு செய்தவர்களுக்கான மூன்றாவது வாழ்த்தை அன்றைக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளின் வெள்ளைக் கோட்டு இரண்டையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு பிரிக்கட்டுமா?"

"துணியைக் கிழிச்சுடாதே. நூலை மட்டும் அறு."

ஆளுக்கு இரண்டு பாக்கெட். மகள் ஒன்றைக் கிழித்துத்தான் விட்டாள். ஊசியக்கா திட்டிக்கொண்டே அதைச் சரிசெய்தாள். போகாதே என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல், "போன் இல்லைன்னா லெட்டராவது போட விடுவாங்களா, அதுக்கும் தடையா?" என்று கேட்டாள்.

"விடுவாங்கம்மா."

"மொட்டை அடிச்சா, அடிக்கிறதுக்கு முன்னாடி எழுதிப் போடு. நான் வந்து ஒரு தடவை பின்னி விட்டுட்டுப் போறேன்."

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கிளம்பினாள். வாரம் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு உறையையும் யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஊசியக்கா திறந்தாள். ஒன்றும் பிரித்த மாதிரி இல்லை. தொண்ணூற்றோராம் நாள் மகள் திரும்பி வந்தாள், முடியோடு.

இப்போது இரண்டு வருஷமாகிறது. மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கோட்டுப் பாக்கெட்டில் பேனா, டார்ச், பஞ்சு, மிட்டாய்க் காகிதம் என்று எல்லாம் இருக்கிறது. கடைக்குள் போனால் இன்னும் கை வேர்க்கிறது, முன்னைவிடக் குறைவாக. ஊசியக்கா சனிக்கிழமைதோறும் மாடிக்குப் போகிறாள். பிக்குணியை முழுசாக நம்புகிறாளா என்றால் இல்லை. கார்க்காரரை இன்னும் குறைவாகத்தான் நம்புகிறாள், ஆனால் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். வாசலில் காவலாளி கேட்டால் பையைத் திறக்கிறாள், கேட்காவிட்டால் திறப்பதில்லை. அவளுடைய கோட்டில் வலது பாக்கெட் திறந்திருக்கிறது. அதில் இன்னும் எதையும் வைத்ததில்லை, குளிர்காலத்தில் கையை விட்டுக்கொள்கிறாள். இடது பாக்கெட் தைத்தபடியே இருக்கிறது.